தத்தெடுக்க 36 ஆயிரம் பேர் வெயிட்டிங்... பட்டியலில் 2,600 குழந்தைகள்தான்! துறையூர் தம்பதி எந்தக் கதவைத் தட்டணும்?

"தத்து எடுத்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். ஆனா மூணு நாலு வருஷம் ஆகுமாமே?" குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகள் முதலில் கேட்பது இதைத்தான். அடுத்து வருவது: "ஹோம்ல எல்லாம் இத்தனை குழந்தைங்க இருக்காங்களே, அதுல ஒண்ணைக் கொடுத்தா என்ன?"

ரெண்டுமே நியாயமான கேள்விகள். ரெண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்தப் பதில் தெரியாததால்தான், "நம்ம பக்கத்துலயே ஒரு அக்கா இருக்காங்க, அவங்ககிட்ட சொன்னா முடிஞ்சிடும்" என்று யாராவது சொல்லும்போது பலர் தலையாட்டிவிடுகிறார்கள்.

முதலில் நம்பர்களைப் பார்த்துவிடலாம்.

நாடு முழுக்க தத்தெடுப்பைக் கவனிக்கும் அமைப்பு, மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம். சுருக்கமாக 'காரா'. 1990-ல் தொடங்கப்பட்டது, மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. 2024-25 நிதியாண்டில் காரா மூலம் 4,515 குழந்தைகள் தத்து போயிருக்கிறார்கள். அதில் 4,155 பேர் இந்தியாவுக்குள்ளேயே. ஏறக்குறைய 12 ஆண்டுகளில் இதுதான் அதிகம் என்று மத்திய அரசு பெருமையாகச் சொன்னது.

பெருமைப்படலாம், தப்பில்லை. ஆனால் 2011-12-ல் உள்நாட்டுத் தத்து மட்டுமே 5,964. அதிலிருந்து சரிந்து, 2015-16-ல் 3,011-க்கு வந்து, கொரோனா காலத்தில் 3,000-ஐ ஒட்டியே நின்று, இப்போதுதான் ஏறத் தொடங்கியிருக்கிறது. 'சாதனை' என்பதைவிட 'மீண்டு வருகிறது' என்று எழுதுவதுதான் பொருத்தம்.

இன்னொரு பக்கம் வரிசை. 2017-ல் காராவில் பதிவு செய்து காத்திருந்தவர்கள் சுமார் 18,000 பேர். 2021 டிசம்பரில் சுமார் 28,000. 2025 ஜூலையில் 36,000-ஐத் தாண்டியது. அதே ஜூலையில் சட்டப்படி தத்து கொடுக்கத் தயார் நிலையில் இருந்த குழந்தைகள் சுமார் 2,650. அதாவது ஒரு குழந்தைக்கு 13-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள். 2017-ல் ஒரு வருஷமாக இருந்த சராசரிக் காத்திருப்பு இப்போது மூன்றரை வருஷம்.

குழந்தைகள் இல்லையா, பட்டியலில் இல்லையா?

'சட்டப்படி தத்து கொடுக்கத் தயார்' - இந்த நாலு வார்த்தையில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

ஒரு காப்பகத்தில் 50 குழந்தைகள் இருக்கிறார்கள் என்றால் 50 பேரையும் தத்து கொடுக்க முடியாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அம்மாவோ அப்பாவோ, பாட்டியோ சித்தப்பாவோ இருப்பார்கள். வறுமை, அப்பாவின் குடி, அம்மாவின் நோய், ஜெயில், இரண்டாவது கல்யாணம் என்று ஏதோ ஒரு காரணத்தால் குழந்தை ஹோமில் வளரும். பெற்றோரின் உரிமை அப்படியே இருக்கும். அந்தக் குழந்தையை யாருக்கும் தத்து கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது.

தத்து கொடுக்க வேண்டுமென்றால், அந்தக் குழந்தை ஆதரவற்றது, கைவிடப்பட்டது, அல்லது பெற்றோரே ஒப்படைத்தது என்று மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு விசாரித்து அறிவிக்க வேண்டும். கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்றால் போட்டோவோடு பத்திரிகையில் விளம்பரம் வரும். போலீஸ் தேடிப் பார்த்து, "பெற்றோரைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று அறிக்கை தரணும். 2 வயது வரையிலான குழந்தைக்கு 2 மாதம், அதற்கு மேல் என்றால் 4 மாதம் - இதற்குள் முடிக்கணும் என்கிறது சிறார் நீதிச் சட்டம்.

நடைமுறையில் எங்கே நிற்கிறது என்றால், அந்த போலீஸ் அறிக்கையில் நிற்கும். குழுவில் ஆள் நியமனம் ஆகாமல் நிற்கும். ஹோம் நடத்துபவர்கள் குழந்தையின் விவரத்தையே மேலே அனுப்பாமல் இருப்பதும் உண்டு. 2022 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு வந்தது. காப்பகங்களில் இருந்த ஆதரவற்ற, கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட குழந்தைகள் 6,996 பேர். அதில் சட்டப்படி தயார் என்று அறிவிக்கப்பட்டவர்கள் 2,430 பேர் மட்டும். மீதிப் பேர்? ஃபைலில் இருந்தார்கள்.

ஒரு கைக்குழந்தைக்கு ஃபைல் இரண்டு வருஷம் நகரவில்லை என்றால், அது மூணு வயதுக் குழந்தையாகிவிடும். காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் கேட்பது 2 வயதுக்கு உட்பட்ட குழந்தையை. 6 வயது தாண்டிவிட்டால் கேட்டு வருபவர்கள் மிகக் குறைவு. தாமதத்தின் விலையைக் கட்டுவது அந்தக் குழந்தைதான்.

திருச்சியிலேயே இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. உசிலம்பட்டி பக்கம் பெண் சிசுக்கொலையிலிருந்து காப்பாற்றப்பட்டதாகச் சொல்லப்பட்ட பெண் குழந்தைகள், திருச்சியில் ஒரு காப்பகத்தில் வைத்து வளர்க்கப்பட்டார்கள். 2015-16-ல் விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. பெற்றோர் யார் என்று கண்டுபிடிக்க டி.என்.ஏ. பரிசோதனைக்கே உத்தரவிட வேண்டி வந்தது. அதற்குள் அந்தப் பிள்ளைகளில் பலர் பெரியவர்களாகிவிட்டார்கள். சோறும் படிப்பும் கிடைத்திருக்கலாம். ஆனால் ஒரு வீட்டுக்குப் பிள்ளையாகப் போகும் வாய்ப்பு, கைக்குழந்தையாக இருந்தபோதே கேட்டுப் பார்க்கப்படாமல் போய்விட்டது.

உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் மாநிலங்களைப் பார்த்துக் கேட்டதும் இதைத்தான். நாட்டில் அப்போது இருந்த 760 மாவட்டங்களில் 390-ல் மட்டுமே சிறப்பு தத்து நிறுவனங்கள் இருந்தன. காப்பகம் காப்பகமாகப் போய்த் தகுதியுள்ள குழந்தைகளை அடையாளம் கண்டு காரா தளத்தில் ஏற்றச் சொன்னது கோர்ட். 2024-25-ல் புதிதாக 8,598 குழந்தைகள் அடையாளம் காணப்பட்டுச் சேர்க்கப்பட்டதாகவும், 245 புதிய நிறுவனங்கள் வந்ததாகவும் அரசு சொல்கிறது. எண்ணிக்கை ஏறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மகாராஷ்டிரா எப்போதும் முதலிடத்தில் இருப்பதற்கும் (2018-19-ல் மட்டும் 845 தத்துகள்) அங்கே தத்து நிறுவனங்கள் அதிகம் இருப்பதே காரணமாகச் சொல்லப்பட்டது.

"பக்கத்துலயே ஒரு அக்கா இருக்காங்க..."

இப்போது துறையூருக்கு வருவோம். வடக்கே பச்சைமலை, மேற்கே கொல்லிமலை. ஒரு ரோடு நாமக்கல்லுக்கு, இன்னொன்று பெரம்பலூருக்கு. திருச்சி மாவட்டத்தில் இருந்தாலும் சொந்தபந்தமும் வியாபாரமும் ராசிபுரம், ஆத்தூர் வரைக்கும் போகும் ஊர்.

2019 ஏப்ரலில் இந்தப் பக்கத்தையே உலுக்கிய ஆடியோ நினைவிருக்கிறதா? ராசிபுரத்தைச் சேர்ந்த முன்னாள் செவிலியர் உதவியாளர் ஒருவர், குழந்தை கேட்டு வந்தவரிடம் போனில் ரேட் பேசுகிறார். ஆண் குழந்தைக்கு ஒரு விலை, பெண் குழந்தைக்கு அதைவிடக் குறைந்த விலை. கலர், எடை பார்த்து மாறும். பிறப்புச் சான்றிதழ் வேண்டுமா, அதற்குத் தனி ரேட். 30 வருஷமாக இதைச் செய்வதாகப் பேச்சுவாக்கில் சொல்கிறார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. செவிலியர்கள், புரோக்கர்கள், ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர் என்று கைதுப் பட்டியல் நீண்டது. கொல்லிமலையின் ஏழைத் தாய்மார்களிடமிருந்து குழந்தைகள் வாங்கப்பட்டதாகச் சொல்லப்பட்டதால், அங்கே பிறப்புப் பதிவேடுகளையே எடுத்து வைத்துச் சரிபார்த்தார்கள்.

முடிந்துவிட்டதா என்றால் இல்லை. 2021-ல் மதுரையில் ஒரு காப்பகத்தில், கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் காட்டப்பட்ட 1 வயது ஆண் குழந்தை உயிரோடு இன்னொரு வீட்டில் இருந்தது. 2 வயதுப் பெண் குழந்தை ஒன்றும் அப்படியே மீட்கப்பட்டது. விற்றவர்கள் மட்டும் மாட்டவில்லை. வாங்கியவர்களும் கைதானார்கள். 2023 அக்டோபரில் திருச்செங்கோட்டில் குழந்தை விற்பனைப் புகாரில் ஒரு அரசு மருத்துவரே கைது செய்யப்பட்டார்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? கள்ளச் சந்தையில் ஆண் குழந்தைக்குத்தான் விலை அதிகம். சட்டப்படி தத்து போகும் குழந்தைகளில் 10-க்கு 6 பேர் பெண்கள். 2015-லிருந்து 2018 வரை தத்து போன 11,649 பேரில் 6,962 பேர் பெண் குழந்தைகள். "பார்த்தீர்களா, மக்கள் மாறிட்டாங்க, பெண் குழந்தை கேட்கிறாங்க" என்று இதை வைத்து மகிழ்ச்சியாக எழுதுபவர்கள் உண்டு. கேட்கிறார்கள், அது உண்மை. ஆனால் கைவிடப்பட்டு வருவதிலும் பெண் குழந்தைகள்தான் அதிகம் என்பதையும் சேர்த்து எழுதணும். 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது அதனால்தான். 2011-ல் அது துறையூருக்குப் பக்கத்து மாவட்டங்களான பெரம்பலூர், அரியலூருக்கும் விரிவானதும் அதனால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் 5 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் அபராதம். ஆஸ்பத்திரி ஊழியரே செய்தால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. காசு கைமாறாவிட்டாலும், ஆதரவற்ற குழந்தையை விதிமுறை தாண்டி தத்து கொடுத்தாலோ எடுத்தாலோ 3 ஆண்டு வரை சிறை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. பிறந்த குழந்தை ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து கடத்தப்பட்டால், முதல் வேலையாக அந்த ஆஸ்பத்திரியின் லைசென்ஸை நிறுத்தி வையுங்கள் என்றது.

தண்டனையைவிடப் பெரிய பிரச்சினை வேறு. புரோக்கர் வழியில் வரும் குழந்தைக்கு, நீங்களே பெற்றது போலப் பிறப்புச் சான்றிதழ் போடுவார்கள். அந்த நிமிஷத்தில் குழந்தையின் முன்கதை அழிந்துவிடும். பெற்றவள் மனசார கொடுத்தாளா, "குழந்தை இறந்தே பிறந்தது" என்று சொல்லி எடுத்தார்களா, உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஐந்து வருஷம் கழித்து புரோக்கர் வேறொரு வழக்கில் மாட்டினால், போலீஸ் அந்த நம்பர் பட்டியலை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். பள்ளிக்கூடம் போகும் குழந்தை அன்றைக்கு எங்கே போகும் என்பது உங்கள் கையில் இருக்காது.

வாட்ஸ்அப்பும் இதே ரகம்தான். 2021 மே மாதம் நினைவிருக்கும். "பெற்றோர் கொரோனாவில் இறந்துவிட்டார்கள், பச்சைக் குழந்தை, விருப்பமுள்ளவர்கள் அழைக்கவும்" என்று ஒரு போன் நம்பரோடு ஃபார்வர்டுகள் பறந்தன. இரக்கப்பட்டு ஷேர் செய்தவர்கள்தான் அதிகம். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம், இப்படிச் சட்டவிரோத தத்துக்கு அழைப்பு விடுப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது.

"பத்திரம் போட்டா போதாதா?"

சார்பதிவாளர் ஆபீஸ் இருக்கும் எல்லா ஊரிலும் கேட்கப்படும் கேள்வி இது. பதில் கொஞ்சம் சுற்றி வரும், பொறுமையா படிங்க.

இந்தியாவில் தத்துக்கு இரண்டு சட்டப் பாதைகள் இருக்கின்றன. ஒன்று, 1956-ம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம். இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியருக்கு மட்டும். இதில் பெற்ற அப்பா-அம்மா இருவரும் சம்மதித்து, தங்கள் குழந்தையை இன்னொரு தம்பதியிடம் நேரடியாகக் கொடுக்கலாம். அண்ணன் மகனைத் தம்பி எடுப்பது, அக்கா மகளைத் தங்கை எடுப்பது என்று நம்ம குடும்பங்களில் காலங்காலமாக நடப்பது இதுதான். 'தத்தம்' என்றால் கொடுத்தல். அந்தக் 'கொடுத்து வாங்குதல்' நிஜமாகவே நடந்திருக்கணும் என்பதுதான் சட்டத்தின் முக்கிய நிபந்தனை. அக்னி வளர்த்துத் தத்த ஹோமம் செய்வது கட்டாயமில்லை என்றும் சட்டமே சொல்லிவிட்டது.

நிபந்தனைகள் உண்டு. குழந்தைக்கு 15 வயது ஆகியிருக்கக் கூடாது. ஏற்கெனவே மகன் இருக்கிறவர் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது, மகளுக்கும் அதே விதிதான். ஆண் ஒருவர் பெண் குழந்தையையோ, பெண் ஒருவர் ஆண் குழந்தையையோ எடுத்தால் 21 வயது இடைவெளி வேண்டும். முக்கியமாக, ஒரு ரூபாய் கைமாறக் கூடாது. மாறினால் 6 மாதம் வரை சிறை. பதிவு செய்த தத்துப் பத்திரம் இருந்தால், தத்து சரியாக நடந்தது என்று கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். அது பத்திரத்தின் பலம். 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வதற்கு அந்தப் பலம் கிடையாது.

இன்னொரு பாதை, 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். எல்லா மதத்தினருக்கும் பொது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் முழு உரிமையோடு தத்தெடுக்க முடிவது இந்த வழியில்தான். தனிமனிதச் சட்டம் என்ன சொன்னாலும், விரும்பும் எவரும் இந்த வழியில் தத்தெடுக்கலாம் என்று 2014-ல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அப்போ துறையூர் தம்பதிக்கு எது? சொந்தக்காரர் குழந்தை, பெற்றவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும், இந்துக் குடும்பம் - பத்திர வழி சட்டப்படி சரி. மற்ற மதத்தினர் சொந்தக்காரக் குழந்தையை எடுப்பதென்றால், காரா தளத்தில் உறவினர் தத்து என்று தனிப் பிரிவு இருக்கிறது. அந்த மூன்றரை வருஷ வரிசை அதற்குப் பொருந்தாது. பெற்றவர் யாரென்றே தெரியாத குழந்தை, ஆஸ்பத்திரியில் யாரோ விட்டுப்போன குழந்தை, ஹோமில் இருக்கும் குழந்தை என்றால் காரா ஒன்றுதான் வழி. "பத்திரம் போட்டுக் கொடுத்துடறேன்" என்று மூன்றாவது ஆள் ஒருவர் நடுவில் வந்து பேசினாலே, நீங்கள் தப்பான கதவுக்கு முன்னால் நிற்கிறீர்கள்.

காரா வழியில் போனால் என்ன நடக்கும்?

காரா இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். போனிலேயே முடியும். தெரியாவிட்டால் திருச்சியில் உள்ள மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் உதவி கேட்கலாம். பான் கார்டு, வருமானம், இருப்பிடம், உடல்தகுதிச் சான்று, திருமணச் சான்று - இவைதான் ஆவணங்கள். சொந்த வீடு இருக்கணும் என்று விதி இல்லை. கல்யாணமாகி 2 வருஷம் ஆகியிருக்க வேண்டும். தனியாக இருக்கும் பெண் ஆண், பெண் இரு குழந்தைகளையும் எடுக்கலாம். தனி ஆண் பெண் குழந்தையை எடுக்க முடியாது.

பலர் தடுமாறுவது வயதில்தான். 2 வயது வரையிலான குழந்தை வேண்டுமென்றால் கணவன்-மனைவி வயதுக் கூட்டல் 85-ஐத் தாண்டக் கூடாது. 2-லிருந்து 4 வயது வரை என்றால் 90. 4-லிருந்து 8 என்றால் 100. கல்யாணமாகி பத்துப் பன்னிரண்டு வருஷம் கருத்தரிப்பு மையங்களுக்கு அலைந்துவிட்டு, கையில் இருந்ததெல்லாம் கரைந்த பிறகு 44 வயதிலும் 42 வயதிலும் தத்து பற்றி யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். கூட்டினால் 86. கைக்குழந்தைப் பிரிவு மூடிவிட்டது. சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும்போதே பதிவு செய்து வைக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. இதை அந்த மையங்களில் யாராவது ஒருவர் சொன்னால் எவ்வளவோ பேருக்கு உதவும். சொல்ல மாட்டார்கள் என்பது வேறு கதை.

பதிவுக்குப் பிறகு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். வீடு, வேலை, குடும்பம், "மாமியாருக்குச் சம்மதமா" உட்பட எல்லாம் கேட்பார். அந்த ஆய்வறிக்கை 3 வருஷம் செல்லும். உங்கள் முறை வரும்போது குழந்தையின் போட்டோ, மருத்துவ அறிக்கை, பின்னணி விவரம் தளத்தில் தெரியும். 48 மணி நேரத்துக்குள் விருப்பம் சொல்லணும். கிராமத்தில் இருப்பவர்கள் பதிவு செய்த போன் நம்பரையும் மெயிலையும் மாற்றாமல் வைத்திருப்பது இதற்காகத்தான். பிறகு நேரில் போய்ப் பார்த்து, டாக்டரை வைத்துப் பரிசோதித்து, ஏற்றுக்கொண்டால் குழந்தை வீட்டுக்கு வந்துவிடும். இறுதி ஆணையை முன்பு கோர்ட் கொடுத்தது. 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியர் கொடுக்கிறார், 2 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்த ஆணையோடு பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் முறைப்படி வரும். சொத்துரிமை உட்பட எல்லாமே பெற்ற பிள்ளைக்குச் சமம். அதற்குப் பிறகும் 2 வருஷத்துக்கு, 6 மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள்.

செலவு? பதிவுக்கும் வீட்டு ஆய்வுக்கும் 6,000 ரூபாய், குழந்தைப் பராமரிப்பு நிதிக்கு 50,000 ரூபாய். புரோக்கர் கேட்கும் லட்சங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சட்ட வழியின் உண்மையான விலை பணம் இல்லை, காலம். அதைக் குறைக்க வேண்டிய பொறுப்பு அரசுடையது, தம்பதியுடையது இல்லை.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று எரிச்சல் வரலாம். 2005-ல் சென்னையில் அம்பலமான ஒரு வழக்கைத் தேடிப் படித்துப் பாருங்கள். தெருவிலும் வீட்டு வாசலிலும் கடத்தப்பட்ட குழந்தைகள், பெயர் மாற்றி, பொய்யான ஒப்படைப்புப் பத்திரத்தோடு வெளிநாட்டுத் தம்பதிகளுக்குத் தத்து கொடுக்கப்பட்டிருந்தார்கள். பெற்ற தாய் இங்கே வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தாள். வளர்த்தவர்களோ நல்லது செய்வதாக நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பெற்றவளுக்கும் ஒரு கதவு இருக்கிறது

தத்து பற்றி எழுதும்போது நாம் பெரும்பாலும் எடுப்பவர்களைப் பற்றியே எழுதுகிறோம். கொடுக்கும் நிலையில் இருப்பவளுக்குத் தகவல் போய்ச் சேர்வதே இல்லை. புரோக்கர் முதலில் போவது அவளிடம்தான்.

கல்யாணமாகாத பெண், ஏற்கெனவே மூணு பெண் பிள்ளைகள் பெற்றவள், கணவன் விட்டுப்போனவள் - யாராக இருந்தாலும், வளர்க்கவே முடியாது என்ற நிலையில் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். முதலில் அவளுக்கு ஆலோசனை தருவார்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் 2 மாதம் அவகாசம். மனசு மாறினால் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அவள் பெயர் ரகசியமாக வைக்கப்படும். சூழ்நிலையின் கட்டாயத்தால் கைவிட நேர்ந்த பெற்றோரை, வேண்டுமென்றே செய்ததாகக் கருதித் தண்டிக்கக் கூடாது என்றும் சட்டத்தில் இருக்கிறது. அரசு மருத்துவமனைத் தொட்டிலில் விட்டுச் செல்லும் வழியும் இருக்கிறது. புரோக்கரிடம் கொடுத்தால் இந்த 2 மாதம் கிடைக்காது.

குழந்தை ஒன்றைக் கண்டெடுத்தால் 24 மணி நேரத்துக்குள் 1098-க்கோ, போலீஸுக்கோ, நலக் குழுவுக்கோ சொல்ல வேண்டியது கண்டெடுத்தவரின் கடமை. ஆஸ்பத்திரிக்கும் அதே கடமைதான். "நாமளே வளர்த்துக்கலாம்" என்று வீட்டில் வைத்துக்கொள்வது, எவ்வளவு நல்ல மனசோடு செய்தாலும், குற்றம்.

அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. பணம் இல்லாததால் மட்டும் ஒரு தாய் குழந்தையைக் கொடுக்க வேண்டுமா? மத்திய அரசின் மிஷன் வாத்சல்யாவில், தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15-ல் 'அன்புக் கரங்கள்' திட்டத்தைத் தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத குழந்தைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். முதல் கட்டமாக 6,082 குழந்தைகள். பச்சைமலை மேலே இந்தத் தகவல் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும் என்று கேட்டுப் பார்க்கணும்.

தத்தும் இல்லை, ஹோமும் இல்லை... நடுவில் ஒன்று

இப்போது அந்த முதல் கேள்விக்குத் திரும்புவோம். ஹோமில் இருக்கும், ஆனால் தத்து கொடுக்க முடியாத குழந்தைகள். இவர்கள் 18 வயது வரை ஹோமிலேயே இருக்க வேண்டியதுதானா?

இல்லை. இதற்குத்தான் ஃபாஸ்டர் கேர் என்ற வளர்ப்புப் பராமரிப்பு. குழந்தை உங்கள் வீட்டில் வளரும். சட்டப்படி உங்கள் பிள்ளை ஆகாது. பெற்றோரின் உரிமை அப்படியே இருக்கும், அவர்கள் நிலைமை சரியானால் குழந்தை திரும்பிப் போகலாம். நலக் குழுதான் ஆணை கொடுக்கும். மாதா மாதம் வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்க வேண்டியதும் அந்தக் குழுவின் வேலை. குழந்தையின் செலவுக்கு மாதம் 4,000 ரூபாய் தரப்படும்.

வெளிநாடுகளில் இது சாதாரணம். இங்கே பெயரே பலருக்குத் தெரியாது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்க்கச் சொல்லும் பழமொழியை வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு, வளர்த்த பிள்ளையைத் திருப்பி அனுப்பணும் என்பது மட்டும் தொண்டையில் நிற்கிறது. அது நியாயமான தயக்கம்தான். இரண்டு வருஷம் பக்கத்தில் படுத்துத் தூங்கிய குழந்தை ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவது லேசான விஷயம் இல்லை. இதற்கு மனதளவில் தயாராக இல்லாதவர்கள் இதில் இறங்காமல் இருப்பதே குழந்தைக்கு நல்லது.

2024-ல் மத்திய அரசு இதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை மாற்றியது. முன்பு தம்பதிகள் மட்டும்தான் விண்ணப்பிக்க முடியும். இப்போது 35-லிருந்து 60 வயது வரையுள்ள தனிநபர்களும் முடியும். கல்யாணம் ஆகாதவர், கணவனை இழந்தவர், விவாகரத்தானவர் எல்லோரும் இதில் வருவார்கள். தனிப் பெண் எந்தக் குழந்தையையும் வளர்க்கலாம், தனி ஆண் ஆண் குழந்தையை மட்டும். இதற்கான குழந்தைகள் பொதுவாக 6 வயதுக்கு மேற்பட்டவர்கள், ஹோமில் யாரும் வந்து பார்க்காதவர்கள். அதாவது, தத்து வரிசையில் யாரும் கேட்காத அதே வயது.

இன்னொரு மாற்றமும் இருக்கிறது. வளர்க்கும் குழந்தை பின்னர் சட்டப்படி தத்து கொடுக்கத் தகுதி பெற்றால், அந்தக் குடும்பமே தத்தெடுக்கலாம். முன்பு இதற்கு 5 வருஷம் வளர்த்திருக்கணும், இப்போது 2 வருஷம் போதும்.

கூட்டல் 85-ஐத் தாண்டிய அந்த 44 - 42 வயதுத் தம்பதியை மறுபடி யோசித்துப் பாருங்கள். கைக்குழந்தை வரிசையில் அவர்களுக்கு இடமில்லை. ஆனால் ஏழு வயதில், பள்ளிக்கூட லீவு நாளில் மற்ற பிள்ளைகளைக் கூட்டிப்போக யாராவது வரும்போது ஜன்னல் பக்கம் நிற்கும் குழந்தைக்கு அவர்கள் வயது ஒரு பிரச்சினையே இல்லை. விண்ணப்பம் அதே காரா தளத்தில்தான். நேரில் கேட்கணும் என்றால் திருச்சியில் அதே மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு. துறையூரில் காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் கேட்டுவிட்டுத் திரும்பிவிடலாம்.